பழைய கெய்சரை எடைக்குப் போடும் முன்: ஏரிக்கரைக் குடும்பங்களுக்கு மூன்று உபயோகங்கள்

குளியலறையில் வெந்நீருக்காகப் பொருத்தப்படும் கெய்சர் சில ஆண்டுகளில் பழுதாகிவிடுகிறது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த நிலத்தடி நீர் பாயும் ஊர்களில் அதன் ஆயுள் இன்னும் குறைவு. பழுதான கெய்சர் நேரே காயலான் கடைக்குப் போகிறது. அங்கே அது வெறும் இரும்பு எடைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் கெய்சரில் பழுதாவது பெரும்பாலும் சூடேற்றும் கம்பிச்சுருளோ, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோதான். மீதிப் பொருள் அப்படியே இருக்கும்.

அந்த மீதிப் பொருள் என்ன? நீரின் அழுத்தத்தைத் தாங்கும்படி செய்யப்பட்ட ஓர் உலோகத் தொட்டி. அதைச் சுற்றி வெப்பம் கடக்காமல் தடுக்கும் நுரைப் பஞ்சு. அதற்கு மேல் தகரம் அல்லது பிளாஸ்டிக் உறை. இம்மூன்றையும் தனித்தனியே கடையில் வாங்கப் போனால் நல்ல விலையாகும். பழைய கெய்சரில் மூன்றும் ஒன்றாகவே கிடைக்கின்றன.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில், ஏரியில் வலையும், கரையில் சிறு துண்டு நிலமும், வீட்டில் நாலு ஆடு கோழியும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்களுக்கு இந்தத் தொட்டி மூன்று வகையில் உதவும். இறாலைக் கெடாமல் வைக்கலாம். வெயிலில் வெந்நீர் காய்ச்சலாம். கோழிக் குஞ்சுகளுக்கு இரவில் கதகதப்புக் கொடுக்கலாம். இவற்றுக்கு மின்சாரமும் வேண்டாம், விறகும் வேண்டாம்.

எந்தத் தொட்டி எதற்கு?

வீடுகளில் காணப்படும் வெந்நீர்ச் சாதனங்கள் நான்கு வகை. முதலாவது, 10, 15, 25 லிட்டர் கொள்ளும் மின்சாரக் கெய்சர். இந்தக் கட்டுரையில் கூறப்படுவது முக்கியமாக இதைப் பற்றியே. இரண்டாவது, ஒன்று முதல் மூன்று லிட்டர் மட்டுமே கொள்ளும் உடனடிக் கெய்சர். இதன் தொட்டி மிகச் சிறியது. எடைக்குப் போடுவதே சரி. மூன்றாவது, நடுவில் கரி போடும் குழாயும் சுற்றிலும் தண்ணீரும் உள்ள பழைய காலத்துச் செம்பு பாய்லர். நான்காவது, மாடியில் வைக்கும் சூரிய வெந்நீர்ச் சாதனத்தின் 100 லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட தொட்டி. இவ்விரண்டைப் பற்றிப் பின்னர் காணலாம்.

மின்சாரக் கெய்சரிலும் உள்தொட்டி பலவிதம். சிலவற்றில் செம்பு, சிலவற்றில் துருப்பிடிக்காத எஃகு, பலவற்றில் உட்புறம் கண்ணாடிப் பூச்சு கொடுத்த இரும்பு. செம்புத் தொட்டியாக இருந்தால் அதை வெட்டி வீணாக்க வேண்டாம். செம்பின் எடைக்கு நல்ல விலை கிடைக்கும். அதை விற்று, அந்தப் பணத்தில் பழைய இரும்புத் தொட்டிக் கெய்சர் ஒன்றை வாங்கிக்கொள்வதே இலாபம்.

தொட்டி கிடைத்ததும் முதலில் செய்ய வேண்டியது ஒழுக்குச் சோதனை. மின்கம்பிகளை முழுவதும் கழற்றிவிட வேண்டும். கம்பிச்சுருள் பொருத்திய மூடியை ரப்பர் வளையத்துடன் அப்படியே இறுக்கி விடலாம். அது ஓர் அடைப்பானாகப் பயன்படும். பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, குழாய் வாய்களை மரக்கட்டையால் அடைத்து, உலர்ந்த சிமெண்ட் தரையிலோ காகிதத்தின் மேலோ ஓர் இரவு வைக்க வேண்டும். காலையில் ஈரம் தெரியாவிட்டால் தொட்டி நல்ல தொட்டி. சைக்கிள் பம்பாலோ, பஞ்சர் கடைக் காற்றாலோ சோதிக்கக் கூடாது. காற்று அடைத்த பழைய தொட்டி வெடித்தால் உயிருக்கு ஆபத்து.

ஒழுகாத தொட்டி வெயிலுக்கு. ஒழுகும் தொட்டி ஐஸுக்கு. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

1. இறாலுக்கு ஐஸ் பெட்டி

பழவேற்காடு, இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியான பெரிய உவர்நீர் ஏரி. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் இடையே முகத்துவாரம் உண்டு. ஆரணி ஆறு இங்கே வந்து கலக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஊடே செல்கிறது. கடல் நீரும் ஆற்று நீரும் கலப்பதால் இறால், நண்டு, மடவை, கிழங்கான் முதலியவை இங்கு கிடைக்கின்றன.

இந்த ஏரியில் நெடுங்காலமாகப் பாடு முறை என்ற ஏற்பாடு உண்டு. இறால் நன்றாகப் படும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டாமல், முறை வைத்துக்கொண்டு இன்னாருக்கு இன்ன நாள், இன்ன இடம் என்று பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வரும் நாளில் கிடைப்பதுதான் ஒருவருக்கு வருமானம். அன்று பட்ட இறால் கெட்டுப்போனால், மறுநாள் போய் ஈடுகட்ட முடியாது. அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே பாடு கிடைத்த நாளில் ஒரு கிலோ இறால்கூட விலை இறங்காமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இறால் இறந்தவுடனேயே கெடத் தொடங்குகிறது. முதலில் தலைப் பகுதியிலும் ஓட்டின் ஓரங்களிலும் கறுப்பு படரும். பிறகு தலை தளர்ந்து கழன்றுவிடும். 30 டிகிரி வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே இந்த மாற்றம் தெரியும். வியாபாரி முதலில் பார்ப்பது தலையைத்தான். கறுப்பு விழுந்த இறாலுக்குப் பாதி விலைதான் சொல்வார். பட்டவுடன் ஐஸில் வைத்த இறாலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஐஸ் வாங்குவது பெரிதல்ல. அது உருகாமல் இருக்க வேண்டும். கூடையிலும் சாக்கிலும் போட்ட ஐஸ், இறாலைக் குளிரச் செய்வதைவிட வெளிக்காற்றைக் குளிரச் செய்வதிலேயே கரைந்துவிடுகிறது. தெர்மோகோல் பெட்டி நல்லதுதான். ஆனால் விரைவில் உடைந்து, துகள்கள் ஏரியில் மிதக்கின்றன. கெய்சரின் நுரைப் பஞ்சு தகர உறைக்குள் இருப்பதால் பல ஆண்டுகள் தாங்கும்.

செய்முறை: சுவரில் செங்குத்தாக மாட்டும் 25 லிட்டர் கெய்சர் இதற்கு ஏற்றது. அதில் குழாய் வாய்கள் இரண்டும் அடிப்பக்கம் இருக்கும். மேல்முனையிலிருந்து நான்கு விரல் கீழே சுற்றிலும் கோடு போட்டு, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் உறை, நுரை, தொட்டி மூன்றையும் சேர்த்து அறுத்து எடுக்க வேண்டும். கேஸ் கட்டிங் செய்யக் கூடாது. நுரை எரிந்தால் வரும் புகை நச்சுப் புகை. கண்ணாடிப் பூச்சு உள்ள தொட்டியில் அறுக்கும்போது சில்லுகள் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் கட்டிக்கொள்வது கட்டாயம்.

அறுத்த பின் உள்ளே நீண்டு நிற்கும் குழாயையும், மெக்னீசியக் கம்பி இருந்தால் அதையும் கழற்றிவிட வேண்டும். வெட்டிய விளிம்பை அரம் கொண்டு தேய்த்து மழுக்கி, நுரை தெரியும் இடத்தில் எம்-சீல் போன்ற ஒட்டுப் பசையைப் பூசி மூட வேண்டும். இல்லாவிட்டால் நுரைக்குள் தண்ணீர் இறங்கி அது பயனற்றுப் போகும். தொட்டி ஒழுகிய ஓட்டையையும் உட்புறமாக அதே பசையால் அடைக்கலாம். ஏற்கெனவே நுரை நனைந்திருந்தால் சில நாள் வெயிலில் காயவிட்ட பிறகே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.

அறுத்து எடுத்த மேல்துண்டே மூடி. அதற்குள் நுரைத் துண்டுகளை அடைத்து, அடியில் தகரமோ பிளாஸ்டிக் தகடோ வைத்து மூடி, ஒரு கைப்பிடி பொருத்தினால் போதும். அடிப்பக்கத்துக் குழாய் வாய்களில் ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிட்டு, மற்றொன்றில் ரப்பர் அடைப்பான் வைத்துக்கொள்ள வேண்டும். ஐஸ் உருகிய தண்ணீரை அவ்வப்போது இதன் வழியே வெளியேற்றலாம். இறால் உருகிய நீரில் ஊறிக் கிடந்தால் நிறமும் சுவையும் போய்விடும். தொட்டி நேராக நிற்க, மூன்று கால் உள்ள இரும்பு முக்காலியோ சவுக்குக் கட்டைச் சட்டமோ செய்து வைக்கலாம்.

இறால் உலோகத்தில் நேரடியாகப் படக் கூடாது. கெட்டியான, சுத்தமான பாலிதீன் தாள் உறை ஒன்றை உள்ளே விரித்து, அதில்தான் இறாலையும் ஐஸையும் போட வேண்டும். தண்ணீர் வடிய அடியில் சிறு துளைகள் இருக்கட்டும்.

25 லிட்டர் கெய்சரில் வெட்டியது போக ஏறத்தாழ 20 லிட்டர் இடம் கிடைக்கும். இதில் 5 முதல் 6 கிலோ இறாலும், அதே எடைக்குப் பொடித்த ஐஸும் கொள்ளும். கீழே இரண்டு அங்குலம் ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை இறால், மறுபடி ஐஸ் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கனமாக ஐஸ் போட்டு மூட வேண்டும். 6 கிலோ இறாலை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் குளிரச் செய்ய ஏறத்தாழ 2 கிலோ ஐஸ் போதும். மீதி 4 கிலோ, வெளிச்சூட்டைத் தாக்குப்பிடித்து அந்தக் குளிரைக் காப்பாற்றுவதற்காக. பெட்டி இல்லாவிட்டால் இந்த 4 கிலோவும் விற்பனைக்கு முன்பே தண்ணீராகிவிடும்.

குடிநீரில் செய்த ஐஸையே வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் பெட்டியைக் கழுவி, பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை தேக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கலந்து அலசி, பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். பெட்டி கனமானது, தலைச்சுமைக்கு ஏற்றதல்ல. படகிலோ கரையிலோ ஓரிடத்தில் வைத்துப் பயன்படுத்துவதே வசதி.

ஒரு விஷயம்: சேற்று நண்டை இதில் வைக்க வேண்டாம். நண்டு உயிரோடு இருந்தால்தான் விலை. அதைக் கட்டி, ஈரச் சாக்குப் போட்டு நிழலில் வைப்பதே முறை.

2. வெயிலில் வெந்நீர்

கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்து வெந்நீர் எடுப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். கறுப்புப் பூசிய உலோகத் தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் வைத்ததே அவர் செய்தது. வெறும் தொட்டியை வெயிலில் வைத்தால் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சூடு தங்கும். இதுதான் சூட்சுமம். இந்தச் சாதனத்தில் ஒரு குறை இருந்தது. இரவானதும் கண்ணாடி வழியே சூடு போய், காலையில் தண்ணீர் ஆறிவிடும். 1909ஆம் ஆண்டு வில்லியம் பெய்லி என்பவர், வெயில் வாங்கும் பகுதியைத் தனியாகவும், பஞ்சு சுற்றிய தொட்டியைத் தனியாகவும் பிரித்து இந்தக் குறையைப் போக்கினார். இன்று மாடிகளில் காணப்படும் சூரிய வெந்நீர்ச் சாதனங்கள் அந்த வழியில் வந்தவையே. சிறு குடும்பத்துக்குக் கெம்ப் செய்த எளிய பெட்டியே போதும். மாலைக்குள் தண்ணீரை எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தேவையான பொருட்கள்: ஒழுகாத 25 லிட்டர் தொட்டி ஒன்று; சவுக்குப் பலகை அல்லது பழைய பலகையால் ஆன இரண்டரை அடி நீளம், இரண்டு அடி அகலமுள்ள பெட்டி; அதை மூட ஒரு பழைய ஜன்னல் கண்ணாடி; நெல் உமி அல்லது தென்னை நார்; கரும்பலகைக்குப் பூசும் கறுப்பு பெயிண்ட்; கொஞ்சம் குழாய்; ஒரு திருகுக் குழாய்; ஒரு பிளாஸ்டிக் வாளி.

தொட்டியின் வெளி உறையையும் நுரையையும் கத்தியால் நீக்க வேண்டும். சில பழைய கெய்சர்களில் நுரைக்குப் பதில் கண்ணாடிக் கம்பளி இருக்கும். அது தோலில் பட்டால் அரிக்கும். மூச்சில் போனால் கெடுதல். கையுறையும் மூக்குத் துணியும் இல்லாமல் தொடக் கூடாது. நீக்கிய நுரையை எரிக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் அடைத்துக்கொள்ளலாம். தொட்டிக்குள் மெக்னீசியக் கம்பி இருந்தால் இங்கே அதை விட்டுவிட வேண்டும். அது தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கிறது.

உள்ளே சுண்ணாம்பு படிந்திருந்தால், வாளித் தண்ணீரில் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி, ஓர் இரவு வைத்துக் குலுக்கிக் கொட்டினால் பெரும்பகுதி வந்துவிடும். பின்னர் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

பெட்டியின் அடியிலும் பக்கங்களிலும் இரண்டு அங்குல கனத்துக்கு உமியை அடைத்து, மேலே தகடு பரப்பி, கறுப்புப் பூசிய தொட்டியைப் படுக்க வைத்துக் கண்ணாடியால் மூட வேண்டும். கண்ணாடியின் ஓரங்களில் காற்றும் மழைநீரும் புகாதபடி ரப்பர் பட்டையோ மக்கோ வைத்து அடைக்க வேண்டும்.

பெட்டியை வைக்கும் திசை முக்கியம். நீளவாட்டம் வடக்கு தெற்காக இருக்கட்டும். தென்முனை தாழ்ந்தும், வடமுனை எட்டு அங்குலம் உயர்ந்தும் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் இந்தச் சாய்வு வெயிலை நேராக வாங்கும். தொட்டியின் குழாய் வாய்கள் உள்ள பக்கம் தாழ்ந்த தென்முனையில் வர வேண்டும். கெய்சருக்குள் வெந்நீர்க் குழாய் எதிர்முனைவரை நீண்டிருக்கும். சூடான நீர் மேலே தங்குவதால், உயர்ந்த முனையிலிருந்து அந்தக் குழாய் வெந்நீரை மட்டும் எடுத்துக் கொடுக்கும்.

இனிமேல்தான் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி. வெந்நீர் வெளியே வரும் குழாயில் எக்காரணம் கொண்டும் திருகு வைக்கக் கூடாது. அந்தக் குழாயைத் தொட்டியின் உச்சிக்குச் சற்று மேலே தூக்கி, வாத்துக் கழுத்துபோல் வளைத்து, திறந்தபடியே விட்டுவிட வேண்டும். திருகு, குளிர்நீர் உள்ளே போகும் குழாயில் மட்டும் இருக்க வேண்டும். அந்த வளைவைவிட உயரத்தில் ஒரு வாளியை வைத்து, அதிலிருந்து குளிர்நீர்க் குழாய்க்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். திருகைத் திறந்தால் குளிர்நீர் உள்ளே போய், வெந்நீரை வளைவு வழியே வெளியே தள்ளும். திருகை மூடினால் நின்றுவிடும். தண்ணீர் சூடாகி விரியும்போது சொட்டுச் சொட்டாக வளைவில் வழியும், அது நல்லதே. தொட்டிக்குள் அழுத்தம் சேர வழியே இல்லை.

பலன் என்ன?

தமிழ்நாட்டில் தெளிந்த நாளில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் விழும் வெயிலின் சக்தி ஏறத்தாழ 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். மேற்கூறிய பெட்டியின் பரப்பு அரை சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே தண்ணீரில் சேரும் என்று வைத்தாலும், நாளொன்றுக்கு சுமார் 600 கிலோ கலோரி கிடைக்கும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கிலோ கலோரி வேண்டும். ஆகவே 25 லிட்டர் நீர் 24 டிகிரி உயரும். காலையில் 28 டிகிரியில் நிரப்பிய தண்ணீர் பிற்பகலில் 52 டிகிரி வரை போகும். இரண்டு மூன்று பேர் குளிக்க, பச்சைத் தண்ணீர் கலந்து இது தாராளம்.

இதே வெந்நீரை விறகில் காய்ச்சினால்? ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 4,000 கிலோ கலோரி உண்டு. ஆனால் மூன்று கல் அடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரைதான் பாத்திரத்தில் சேர்கிறது. மீதி காற்றோடு போகிறது. அப்படியானால் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ விறகு மிச்சம். ஆண்டில் 250 நாள் நல்ல வெயில் என்று வைத்தாலும் 250 முதல் 375 கிலோ வரை ஆகிறது. சவுக்கு விறகை விலைக்கு வாங்குவோருக்கு இது பணம். சீமைக் கருவேல முள்ளை வெட்டிச் சுமந்து வரும் பெண்களுக்கு இது நேரமும் உடம்பும். புகையில் கண் எரியாமல் இருப்பது தனி.

இந்தத் தண்ணீரைக் குளிக்க, மீன் கவிச்சி பிடித்த பாத்திரங்களைக் கழுவ, கறவை மாட்டின் மடி கழுவ, துணி ஊறவைக்கப் பயன்படுத்தலாம். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலைக் கூடை, பெட்டி முடைவதில் பேர்பெற்றவர்கள். ஓலைக்குச் சாயம் ஏற்றக் காய்ச்சும் தண்ணீரை இந்தத் தொட்டியிலிருந்து எடுத்து அடுப்பில் ஏற்றினால், பாதித் தூரம் வெயிலே சூடாக்கிக் கொடுத்திருக்கும். அடுப்பு எரியும் நேரம் குறையும்.

ஆனால் குடிக்கவும் சமைக்கவும் இந்தத் தண்ணீர் கூடாது. பழைய தொட்டியில் என்னென்ன உலோகம், என்னென்ன பற்றவைப்பு என்று அறிய முடியாது. வெதுவெதுப்பான நீர் பல நாள் தேங்கினால் கிருமிகள் பெருகும். ஊருக்குப் போய்த் திரும்பினால், பழைய தண்ணீரை முழுதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கோடையில் தண்ணீர் 60 டிகிரியைத் தொடுவதும் உண்டு. குழந்தைகள் வளைவுக் குழாயின் அடியில் கை வைக்காதபடி உயரமாக அமைப்பது நலம்.

மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் அளவுக்கு மீறி நிலத்தடி நீர் எடுக்கப்பட்டதால் 1960களின் பிற்பகுதியிலிருந்தே கடல்நீர் உள்ளே புகுந்து பல கிணறுகள் உவர்ப்பாகிவிட்டன. உவர்நீரை ஊற்றினால் தொட்டி விரைவில் அரிக்கப்படும். மழைநீரோ, உப்புக் குறைந்த கிணற்று நீரோ ஊற்றினால் பல ஆண்டு உழைக்கும். கடற்காற்று படும் இடத்தில் வெளி இணைப்புகளுக்கு இரும்புக் குழாய்க்குப் பதில், வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் போடுவது நல்லது.

3. கோழிக் குஞ்சுக்கு இரவுக் கதகதப்பு

நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பொரித்த முதல் வாரத்தில் 35 டிகிரி அளவு வெப்பம் கேட்கின்றன. பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு மின்விளக்குப் போடுவது வழக்கம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இரவில் மின்சாரம் போய்விட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மூச்சு முட்டிச் சாகின்றன. விடியற்காலையில் பார்த்தால் பாதிக் குஞ்சு போயிருக்கும்.

இதற்கு ஒழுகாத 25 லிட்டர் தொட்டி ஒன்று, உறையும் நுரையும் நீக்கியது, போதும். மாலையில் 55 டிகிரி அளவு வெந்நீரை நிரப்பி, சாக்கால் இரண்டு சுற்றுச் சுற்றி, குஞ்சுப் பெட்டியின் நடுவில் படுக்க வைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் 55 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு இறங்குவதற்குள் 500 கிலோ கலோரி வெப்பத்தைக் கொடுக்கிறது. இது 60 வாட் மின்விளக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் எரிந்தால் கிடைக்கும் வெப்பம். சாக்கு சுற்றுவதால் வெப்பம் ஒரேயடியாக வெளியேறாமல் மெல்ல மெல்ல வரும், குஞ்சுகளும் சுட்டுக்கொள்ளா.

குழாய் வாய் ஒன்றை மேல்நோக்கி வைத்துத் தளர்வாகத் துணியால் மூட வேண்டும். இறுக்கி அடைக்கக் கூடாது. பெட்டியின் மேல் சாக்குப் போட்டு மூடி, ஓரத்தில் காற்றுப் போக இடம் விட வேண்டும். சூடு சரியா என்று அறியக் குஞ்சுகளையே பார்த்தால் போதும். தொட்டியோடு நெருக்கி ஒட்டிக்கொண்டால் சூடு போதவில்லை. மூலைக்கு ஓடி வாய் திறந்து இரைத்தால் சூடு அதிகம். பரவலாகப் படுத்திருந்தால் சரி.

வெயில் அடித்த நாளில் சூரியத் தொட்டியின் நீரையே இதற்கு ஊற்றலாம். மழை நாளில் அடுப்பில் காய்ச்சித்தான் ஊற்ற வேண்டும். அப்போதும் ஒரு முறை காய்ச்சியது இரவு முழுதும் பயன்படும்.

செம்பு பாய்லரும் மாடித் தொட்டியும்

பழைய செம்பு பாய்லர் வீட்டில் இருந்தால் அதை வேறொன்றாக மாற்ற வேண்டியதில்லை. நடுக் குழாயில் எரியும் நெருப்பைச் சுற்றித் தண்ணீர் இருப்பதால், மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த எரிபொருளில் அதில் நீர் காயும். சவுக்குக் காய், தேங்காய் ஓடு, சுள்ளி எதுவும் எரிக்கலாம். ஒழுகினால் பாத்திரம் பற்றவைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்து, பழைய வேலைக்கே வைத்துக்கொள்ளலாம். மழைக்காலத்தில் சூரியத் தொட்டி ஓயும்போது பாய்லர் கைகொடுக்கும்.

மாடிச் சாதனத்தின் கண்ணாடிக் குழல்கள் உடைந்து, தொட்டி மட்டும் மிஞ்சியிருந்தால், அது ஒழுகாத பட்சத்தில் நாற்றங்காலுக்கு நீர்த்தொட்டியாகும். மூன்றடி உயர மேடையில் வைத்து, சல்லடை பொருத்தி, மெல்லிய குழாய்கள் மூலம் கத்தரி, மிளகாய் நாற்றுகளுக்குச் சொட்டுச் சொட்டாக நீர் விடலாம். உரக் கரைசலை அதில் தேக்கி வைக்க வேண்டாம், உலோகம் அரிக்கும்.

செய்யக் கூடாதவை

வெளிநாடுகளில் பழைய வெந்நீர்த் தொட்டியை அடுப்பாகவும், மீன் புகையூட்டும் பெட்டியாகவும் மாற்றுவது உண்டு. இங்கே அது வேண்டாம். துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்பில் வைத்தால் அதன் புகை காய்ச்சலையும் மார்பு வலியையும் உண்டாக்கும். ஒட்டியிருக்கும் நுரையும் பெயிண்டும் எரிந்தால் அந்த நச்சு மீனில் படியும். மீன் புகையூட்ட விரும்புவோருக்கு மண்ணாலோ செங்கல்லாலோ கட்டிய அடுப்பே பாதுகாப்பானது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் சோர்க்கோர் என்ற மீனவக் கிராமத்தின் பெயரால் வழங்கும் புகையடுப்பு அப்படிப்பட்டதே. மண் சுவரும் மரச்சட்டத் தட்டுகளும் கொண்ட அது பல நாடுகளில் பரவியுள்ளது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, வாய் அடைத்த தொட்டியைத் தீயில் வைப்பது. ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். வெளியேற வழியில்லாவிட்டால் தொட்டி வெடிகுண்டாகிவிடும். வேலை செய்த காலத்தில் கெய்சரைக் காத்தது அதன் தெர்மோஸ்டாட்டும் அழுத்தத்தை வெளிவிடும் வால்வுமே. பழைய தொட்டியில் அவை இல்லை என்பதை மறக்கக் கூடாது. பழைய கம்பிச்சுருளுக்கு மறுபடி மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும் கூடாது. ஈரத்தரையில் அது உயிரைக் குடிக்கும்.

எதில் தொடங்கலாம்?

முதலில் ஒரே ஒரு தொட்டியை வாங்கிச் செய்து பார்ப்பது நல்லது. வாங்கும்போது கடைக்காரர் சொல்லும் எடை விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. கம்பிச்சுருள் எரிந்த கெய்சரா, தொட்டி ஒழுகும் கெய்சரா என்று கேட்டு வாங்க வேண்டும். வலை வருமானமே பெரிதாக உள்ள குடும்பம் ஐஸ் பெட்டியில் தொடங்கலாம். விறகுக்கு அலையும் குடும்பம் சூரியத் தொட்டியில் தொடங்கலாம். தை மாதம் முதல் ஆனி வரை வெயில் நன்றாக அடிப்பதால் சூரியத் தொட்டியை மார்கழி முடிவதற்குள் செய்து வைத்துக்கொள்வது நலம். குஞ்சுத் தொட்டியை ஐப்பசி மழைக்கு முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும்.

இறாலைப் பதப்படுத்திக் காப்பது பற்றிப் பொன்னேரியில் உள்ள டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரியிலும், சென்னையில் 1987ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனத்திலும் கேட்டறியலாம். கோழி, நாற்றங்கால் பற்றிய சந்தேகங்களுக்குத் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.

எடைக்குப் போட்டால் ஒரு நாள் செலவுக்குப் பணம் கிடைக்கும் பொருள் இது. ஒழுக்குச் சோதனை செய்து, வெயிலுக்கா ஐஸுக்கா என்று தீர்மானித்து, வாயை அடைக்காமலும் தீயில் வைக்காமலும் பயன்படுத்தினால், அதே பொருள் பாடு கிடைத்த நாளின் இறாலையும், அடுப்பின் விறகையும், மழை இரவின் குஞ்சுகளையும் காத்துக் கொடுக்கும்.